எந்த வயசுக்கும் ஒரு சீட்

“பிள்ளைக்கு எத்தனை மாசம் அண்ணாச்சி?”

“எட்டு மாசம்னு வச்சுக்கும்.”

தொட்டில் மாதிரி இருந்த சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அகமது மீரான் நிமிர்ந்து பார்த்தார். “நேத்து வந்தப்ப மூணு வயசுன்னுல்லா சொன்னீய?”

“மூணு வயசுன்னாலும் வச்சுக்கும். சரக்கைக் காட்டும்வே. நாளைக் காலைக்குள்ள எனக்கு வேணும்.”

1997-இல் பாளையங்கோட்டையில், காரில் பிள்ளையை உட்கார வைக்கத் தனி சீட் விற்ற கடை மீரானின் பாரின் சாமான் கடை ஒன்றுதான். விற்றது என்பதுகூடத் தவறு. சிங்கப்பூர் மச்சான் அனுப்பிய மூன்று சீட்டுகளும் ஒரு வருஷமாகப் பரணில் தூசி தின்றுகொண்டிருந்தன. திடீரென்று ஒருவர் இரண்டு நாளாக வந்து மூன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தால், சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

பயப்பட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவர் பூதத்தான். ஓய்வுபெற்ற ஏட்டு. மீரான் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஓசிப் பேப்பர் படிப்பது இப்போதைய உத்தியோகம். முகத்தைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்பார். முப்பது வருஷத்தில் அவர் மடக்கிய குற்றவாளிகளில் பெரும்பாலோர் விளக்கில்லாமல் சைக்கிளில் வந்தவர்கள். போதாததற்கு, பிள்ளை பிடிக்கிறவன் ஒருத்தன் வெள்ளைக் காரில் சுற்றுவதாக அந்த வாரம் ஊரெல்லாம் பேச்சு. கடை வாசலில் நின்றது வெள்ளை மாருதி.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. நேற்றே கார்டு நீட்டியிருந்தார்: ‘ஐயம்பெருமாள், தாசில்தார்’. ‘ஓய்வு’ என்ற சொல் எறும்பளவில் மூலையில் ஒதுங்கியிருந்தது.

“இது ஒரு வயசு வரைக்கும்தான் அண்ணாச்சி. பிள்ளை பின்பக்கம் பார்த்துப் படுத்துக்கிடும். அந்தா இருக்கது பெரிய பிள்ளைக்கு. முன்பக்கம் பார்த்து உக்காரும்.”

“ரெண்டுக்கும் ஆகுத மாதிரி ஒண்ணு வச்சிருந்தீரே?”

மீரான் மூன்றாவதை இறக்கினார். “இது மாத்தி வைக்கிறது. கைப்பிள்ளையா இருக்கையில பின்பக்கமா வைக்கணும். வளர வளர வாரை மேல ஏத்திக்கிட்டு, முன்பக்கமாத் திருப்பிக்கிடலாம். நாலு வயசு வரைக்கும் கவலையில்ல.”

“அஞ்சு வயசுன்னா?”

பூதத்தான் பேப்பரை மடித்தார்.

“ஒல்லியா இருந்தாத் தாங்கும்” என்றார் மீரான். “பிள்ளை ஒல்லியா, குண்டா?”

ஐயம்பெருமாளுக்கு அது காதில் விழவில்லை போலிருக்கிறது. வாரைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். “பிள்ளை தானாக் கழத்திர முடியாதே?”

பூதத்தான் எழுந்தேவிட்டார்.

“அதெல்லாம் முடியாது. மேல்துணி நீலத்துல போடவா, ரோஸ்ல போடவா? ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?”

“பச்சை இருக்கா?”

“மீரான், பைய இங்கன வாரும்.” பூதத்தான் அவரை அலமாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். “வயசு தெரியல. ஆணா பொண்ணான்னு தெரியல. கழத்திக்கிட்டு ஓடிராமலும் இருக்கணுமாம். பெறகென்னவே? வழியில எது கெடைக்கோ அதைத் தூக்கிப் போடுதுக்குல்லா சீட்டு!”

“ஏட்டையா, ஒரு வருஷம் கழிச்சு ஒரு யாவாரம்...”

“யாவாரமா, ஜெயிலா? நீரே சொல்லும்.”

பூதத்தான் பழைய மிடுக்கோடு மேஜைக்கு வந்தார்.

“யார் பிள்ளைவே இது?”

“என் பேரப்பிள்ளை.”

“பேரென்ன?”

ஐயம்பெருமாள் மேஜையில் ஓங்கி அடித்தார். “யாரைப் பார்த்து விசாரணை பண்ணுதீரு? தொண்ணூத்தொண்ணு சென்சஸ்ல ஒரு தாலுகா முழுக்க வீட்டுக்கு எத்தனை தலை, ஆண் எத்தனை, பெண் எத்தனை, வயசென்னன்னு ஒண்ணு விடாமக் கணக்கெடுத்துக் கொடுத்தவன்வே நான்! கலெக்டர் கையால பாராட்டு வாங்கினவன்!”

“அது கெடக்கட்டும். இந்த ஒரு தலைக்குக் கணக்கைச் சொல்லும்.”

ஐயம்பெருமாள் சட்டைப் பைப் பேனாக்களைச் சரிசெய்தார். பூதத்தானின் கை டெலிபோன்மேல் போய் உட்கார்ந்தது. மீரான் சீட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி. பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. உக்கார வச்சுப் பார்த்துட்டே தாரேன்.”

“நாளைக் காலையில ரயில்லல்லாவே வருது! நான் ஸ்டேஷனுக்குப் போகையில கார்ல சீட்டு இருக்கணும். இல்லன்னா என் கார்ல பிள்ளைய ஏத்த மாட்டாளாம். நேரா லாட்ஜுக்குப் போயிருவாளாம்.”

“யாரு?”

“எம் மக. சிங்கப்பூர்ல இருக்கா.” இரண்டு நாளில் முதல் தடவையாகத் தாசில்தாரின் குரல் இறங்கியது. பேனாக்களுக்குப் பின்னாலிருந்து நீலநிற வெளிநாட்டுக் கடிதம் ஒன்றை எடுத்தார்.

“மக எழுதியிருக்கா, பிள்ளை பேரு தெரியாதா?” பூதத்தான் விடவில்லை. “என்கிட்டயா கதை விடுதீரு?”

“அஞ்சு வருஷமா எழுதிக்கிட்டுத்தான்வே இருந்தா. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் முடிச்சவளோட கடுதாசி எனக்கு எதுக்குன்னு, பதினோரு கடுதாசியையும் பிரிக்காமலே ‘வாங்க மறுப்பு’ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். பன்னெண்டாவதைத்தான் பிரிச்சேன். அதுல ரயில் வார நேரமும், ‘பிள்ளையோட வாரோம், கார்ல சீட்டு இல்லன்னா லாட்ஜுக்குப் போயிருவோம்’னும் மட்டுந்தான் இருக்கு.”

பூதத்தான் டெலிபோனிலிருந்து கையை எடுத்தார். “வீட்டுல அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமே அய்யா. ஒரு வார்த்தை கேட்டாப் போச்சு.”

“எப்படிவே கேக்க? மக பேச்சை வீட்டுல யாரும் எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டதே நான்தான?”