வழி விடாதவள்

"தள்ளும்மா! வெல்டர் உள்ளே மயங்கிக் கிடக்கிறான்!" கடை மேலாளர் கத்தினார்.

நிலவறைக் கதவை மறித்து நின்ற ஏசி சூப்பர்வைசர் அசையவில்லை. "ஏசி குழாய் விட்டுப்போய் கேஸ் பூராவும் உள்ள எறங்கிடுச்சு சார். மூச்சுவிடக் காத்து இருக்காது. போனா நீங்களும் விழுவீங்க. தீயணைப்பு வண்டி வந்துட்டிருக்கு."

"அது வர்றதுக்குள்ள அவன் போய்ச் சேர்ந்துடுவான்!"

அவள் நின்ற இடத்திலிருந்தே கேஸை வெளியே இழுக்கும் விசிறியின் வேகத்தைக் கூட்டினாள்.

"உனக்கென்ன கல்நெஞ்சா? உன் வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படி நிப்பியா?" மேலாளர் அவளைப் பிடித்துத் தள்ளினார். அவள் கதவு நிலையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டாள்.

சைரன் அலறியது. முகமூடியும் முதுகில் சிலிண்டருமாக இறங்கிய தீயணைப்பு வீரர்கள் வெல்டரைத் தூக்கிவந்து ஆக்சிஜன் வைத்தார்கள். மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மெல்லக் கண்விழித்த வெல்டர், கூட்டத்தில் சூப்பர்வைசரைத் தேடினான்.

"அக்கா... நம்ம அம்மாகிட்ட சொல்லிடாத. அப்புறம் உன்கூட வேலைக்கு விடமாட்டாங்க."

"சொல்லாம விடுவேனா? எழுந்திருடா, இருக்கு உனக்கு!" என்றவள், தம்பியின் பக்கத்திலேயே தரையில் சரிந்து, வாய்விட்டு அழுதாள்.