கிளிக்கும் மரத்துக்கும் வழக்கு

தோற்றால் கிறிஸ்புலோவின் மானம் கப்பலேறிவிடும்.

டெலெஸ்போரோ இறந்து ஒன்பதாம் நாள். துக்க வீட்டு முற்றத்தில் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல வாதப்போட்டி தொடங்கியிருந்தது. தோற்றவர் இறந்தவருக்காக நீளமான லத்தீன் ஜெபம் ஒன்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். புலாக்கான் மாகாணத்துப் பக்கம் அதுதான் தண்டனை.

கிறிஸ்புலோவுக்கு அதில் ஒரு வரிகூடத் தெரியாது.

கோவில் பாடகர் குழுவின் முன்வரிசையில் வருஷக்கணக்காக வாயை மட்டும் அசைத்துக் காலம் தள்ளியவன் அவன். நல்லவேளை, ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது.

இன்றைய வழக்கு, கொலாசிசிக் கிளி உசத்தியா, மொலாவே மரம் உசத்தியா என்பது. அவன் பங்குக்குக் கிளி வந்து வாய்த்தது. கைக்குள் அடங்குகிற பச்சைப் பிராணி. தூங்குவதுகூட வௌவால் மாதிரித் தலைகீழாகத்தான்.

மரத்தின் பக்கம் தச்சர் ஒனொராட்டோ. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"என் மரத்துல வாய வச்சா கரையானுக்குப் பல்லு போயிரும். உன் கிளி? ஒரு பழத்துக்காகத் தலைகீழா நிக்கும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிறிஸ்புலோ துள்ளி எழுந்தான்.

"நிக்கட்டும்ணே! உங்க மரம் நூறு வருஷமா நேரா நின்னு என்னத்தக் கிழிச்சுது? என் கிளி தொங்குறதுக்கு ஒரு கிளை குடுத்துச்சு. அவ்வளவுதான!"

ஒனொராட்டோ உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். நடுவர் இறந்தவரின் மனைவி எவுலாலியா. ஒன்பது நாளாகச் சிரிப்பையே மறந்திருந்தவள்.

"கிளிதான் ஜெயிச்சுது" என்றாள்.

கிறிஸ்புலோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கள்ளுக் கோப்பையை எட்டி எடுத்தான்.

"ஆனா தம்பி, இன்னிக்கு மட்டும் ஜெயிச்சவங்கதான் ஜெபம் சொல்லணும். அது அவரோட கடைசி ஆசை."

கூட்டம் மண்டியிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனும் மண்டியிட்டான். பழக்கதோஷம், உதடுகள் மட்டும் அசைந்தன. சத்தம் வரவில்லை.

எவுலாலியா கறுப்பு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

பாடகர் குழுவில் கிறிஸ்புலோவின் தோளை உரசிக்கொண்டு இத்தனை வருஷமும் நின்று பாடியவர் அவள் புருஷன்தான்.