சத்தம் வராத கேமரா

மறுபடியும் அவன் முழங்கை அவள் விலாவில் இடித்தது.

தெரியாமல் பட்டதல்ல. மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர் குமரேசனுக்கு மேடையின் நடு இடம் வேண்டும். கழுத்தில் இரண்டு பெரிய கேமராக்கள், ஒன்றின் தலையில் ஃபிளாஷ், இடுப்பில் லென்ஸ் பை. அவன் ஒருவன் நின்றால் இரண்டு பேர் நின்ற மாதிரி.

அவள் பெண் வீட்டு போட்டோகிராபர். கையில் புது மிரர்லெஸ் கேமரா. அவன் கேமராவில் பாதிகூட இல்லை.

“என்னக்கா, வீட்ல பிள்ளைங்க விளையாடுறத எடுத்துட்டு வந்துட்டீங்களா?”

வீடியோக்காரன் சிரித்தான். லைட் பிடித்தவனும் சிரித்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் வருடக்கணக்காக அந்தப் பாரத்தைச் சுமந்தவள்தான். வலது தோள் போய்விட்டது. கையைத் தூக்கித் தன் தலையைத் தானே பின்ன முடியவில்லை. பழைய பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராவை லென்ஸ்களோடு விற்றுவிட்டு இதை வாங்கியிருந்தாள். அதையெல்லாம் இவனிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

நாளைக் காலை முகூர்த்தம். இன்று மாலை வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை நடுவில் நின்றார்கள். பின்னால் பிரணவ், மிதுனா என்று ரோஜாப் பூவில் எழுதியிருந்தது. பரிசுப் பொட்டலங்களோடு வரிசை மண்டப வாசல் வரை நின்றது.

“ஸ்மைல்” என்பான் குமரேசன். சடக் என்று சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் எல்லாரும் மூச்சு விடுவார்கள்.

அவளுடையதில் சத்தம் இல்லை. ஃபிளாஷும் இல்லை. அவள் எடுக்கிறாள் என்பதே மேடையில் யாருக்கும் தெரியவில்லை.

மிதுனாவின் கல்லூரி நண்பர்கள் ஏறி வந்தார்கள். ஒருவன் ஏதோ சொன்னான். மிதுனா வாய்விட்டுச் சிரித்தாள்.

நல்ல சிரிப்பு. அவள் அழுத்தினாள்.

அடுத்ததற்குப் பார்க்கும்போதுதான் அந்தக் கை தெரிந்தது.

எதிரே நிற்பவர்களுக்குத் தெரியாது. ஓரத்திலிருந்து தெரிந்தது. மாப்பிள்ளையின் கை மிதுனாவின் முதுகுப் பக்கமாகப் போய், முழங்கைக்கு மேலே சதையை இரண்டு விரலால் பிடித்திருந்தது.

திருகியது.

“ஸ்மைல்” என்றான் குமரேசன். விரல்கள் விட்டன. மாப்பிள்ளை அழகாகச் சிரித்தான்.

சடக்.

பெரிய கேமரா இறங்கியதும் விரல்கள் திரும்பவும் பிடித்தன.

மிதுனாவின் முகம் மட்டும் மாறவே இல்லை. முதல் தடவை என்றால் கையை வெடுக்கென்று இழுத்திருப்பாள். இவள் இழுக்கவில்லை. நிச்சயமாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் பழகிவிட்டாள்.

நாசமாய்ப் போகிறவனே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே, அழுத்திய விரலை எடுக்காமல் வரிசையாகப் படம் எடுத்தாள்.

நண்பர்கள் இறங்கிப் போனார்கள். பெண்ணின் அப்பா விறுவிறுவென்று அவளிடம் வந்தார். சாயங்காலம் பையைத் திறந்ததிலிருந்தே அவருக்கு இந்தக் கேமராவைப் பிடிக்கவில்லை.

“இங்க வாம்மா” என்று மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். சமையற்கட்டுக்குப் போகும் நடை அது.

“நானும் பாத்துட்டே இருக்கேன். சத்தமும் இல்ல, லைட்டும் அடிக்கல. படம் எடுக்குறியா, வேடிக்கை பாக்குறியா? அந்தாளப் பாரு, என்னமா வேலை செய்றான்.”

“எடுத்துட்டுதாங்க இருக்கேன்.”

“எங்க, காட்டு.”

அந்த நல்ல சிரிப்பைக் காட்டியிருக்கலாம். அவர் வாய் அடைத்துப் போயிருக்கும். இவளும் பேர் வாங்கியிருப்பாள்.

மற்றதைக் காட்டினால் என்ன சொல்வார் என்றும் தெரியும். ஊரையே கூட்டியாச்சு, அழிச்சுரும்மா என்பார். எத்தனை மண்டபம் பார்த்திருக்கிறாள். அவர் இன்னும் சொல்லாத வார்த்தைக்காக இப்போதே அவரை வெறுத்துக்கொண்டு, அந்தப் படத்தை எடுத்து, பெரிதாக்கி, நீட்டினாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

பார்த்தார்.

“அடுத்தது.”

தள்ளினாள்.

“அடுத்தது.”

விரல்கள் பிடித்தன. விட்டன. பிடித்தன. எல்லாவற்றிலும் அவர் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேடைப் பக்கம் யாரோ கைதட்டினார்கள்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லட்டும், மூஞ்சிக்கு நேராகக் கேட்டுவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்த வேலை போனாலும் பரவாயில்லை.

“நீ எடுத்தது அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எம்பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா” என்றார்.

இவ்வளவு நேரம் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“அதெல்லாம் பத்திரமா வச்சுக்க. ஒண்ணும் அழிச்சுராத.”

அவர் மேடைக்குப் போகவில்லை. நடையோடு நேராகச் சமையற்கட்டுக்குள் போனார். உள்ளே நாளைய விருந்துக்கு ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காய் இன்னும் பாதிக்கு மேல் முழுசாகக் கிடந்தது.

“மாஸ்டர், நறுக்கினது போதும். எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லுங்க.”

சமையல்காரர் கரண்டியோடு திரும்பினார்.

“ஐயா, காலைப் பந்திக்கு இது பத்தாதுங்களே.”

“பத்தும். காலைல மாப்பிள்ளை வீட்டாளுங்க இருக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்க மட்டுந்தான்.”