வாய் திறக்க வைப்பவர்

அந்த வழக்கு தனக்குக் கிடைக்காமல் போனதை மூத்த விசாரணை அதிகாரியால் ஜீரணிக்கவே முடியவில்லை.

அமைச்சரையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ள ஊழல் விசாரணை ஆணையம் அது. அங்கே இந்த வருடத்தின் பெரிய வழக்கு, போயும் போயும் நேற்று முளைத்த ஜூனியர் பெண்ணுக்கு!

எப்படிக் கேள்வி கேட்பது, எப்போது சும்மா இருப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரனும் இவர் எதிரில் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். அந்தப் பெருமையில்தான் மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார்.

யார்மேல் வழக்கு என்றுகூட அவரிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. அவர் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். எல்லாம் அவள் செய்கிற வேலை என்று பொருமினார்.

காலையில் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார்.

"விடுங்க. அது உங்க கைக்கு வராததே நல்லதுன்னு நினைச்சுக்கோங்க."

வீட்டிலும் தனக்கு மதிப்பில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பி வந்தார்.

பதினோரு மணிக்குமேல் பொறுக்க முடியவில்லை. ஏதோ வேலையிருப்பவர்போல விசாரணை அறைப் பக்கம் போனார்.

மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு குரல், தணிந்து, நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. என்ன பேச்சு என்று பிடிபடவில்லை. ஆனால் பேசவைத்துவிட்டாள். அவருக்கு வயிறு எரிந்தது.

ஏசி ரிமோட்டைத் தேடும் சாக்கில் கதவைத் தள்ளினார்.

ஜூனியர் பதறி எழுந்தாள். "சார், நீங்க இங்க வரக்கூடாது சார்!"

எதிர் நாற்காலியில், நகராட்சியில் கட்டட அனுமதிக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி, கைக்குட்டையைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தாள். அவருடைய சொந்த மனைவி.

சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட வழக்கு கைக்கும் வரக்கூடாது, காதுக்கும் வரக்கூடாது. அது அந்த அலுவலகத்தின் முதல் விதி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைப் பாடம் எடுப்பதே அவர்தான். பொறாமையில் அந்தப் பக்கம் புத்தியே போகவில்லை.

மனைவி அவரை ஒருமுறை பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில், பாரத்தை இறக்கி வைத்தவளின் நிம்மதி இருந்தது. பிறகு ஜூனியர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதவு சாத்தப்பட்டது. விட்ட இடத்திலிருந்து குரல் தொடர்ந்தது.

இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் அப்படி ஒருநாள்கூடப் பேசியதில்லை.

அந்த நிமிடத்திலும், ஜூனியர்மேல் அவருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.