வெள்ளைப் பக்கம்

இன்ஸ்பெக்டர் அடித்த முதல் அடியிலேயே பூனைக்கு ஒரு பல் போய்விட்டது.

குனிந்து துப்பினான். ரத்தம் விழுந்த வேகத்தில் மணல் அதைக் குடித்துவிட்டது.

பூனை எங்கள் மேஸ்திரியின் மைத்துனன். பஞ்சு மாதிரி காலெடுத்து வைத்து நடப்பான், அதனால் அந்தப் பட்டப்பெயர். மேஸ்திரி கூப்பிடு தூரத்தில் கிடந்தார், நேற்று மத்தியானத்திலிருந்து. வலது கால் முழங்காலோடு போயிருந்தது. பூட்ஸ் மட்டும் தனியாகப் பறந்து ஒரு முள்செடியில் தொங்கியது. பாதம் அதற்குள்ளேயே இருந்தது. வயிற்றைப் பார்க்காதே என்று டிரைவர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அவர்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாத்தா காலத்துப் போரில் இரண்டு படைகள் இந்தப் பாலைவனம் பூராவும் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போயின. புதைத்தவர்கள் செத்து எலும்பும் மக்கிவிட்டது. வெடிகளுக்குச் சாவு வரவில்லை. அவற்றைத் தோண்டி எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

தேடி முடித்த வழி நெடுக வரிசையாகக் கல் வைப்போம். கல்லின் ஒரு முகம் வெள்ளை, மறுமுகம் சிவப்பு. வெள்ளை பார்க்கிற பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். சிவப்பு பார்க்கிற பக்கம் எமன்.

மேஸ்திரி செத்தது வெள்ளைப் பக்கத்தில்.

"ஒண்ணு விட்டுப் போயிருக்கும் சார்," என்றான் பூனை. "மாமாவே தேடின இடம். மாமாவே விட்டது. அதுக்கு என்னை எதுக்கு அடிக்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் ஒரு கல்லைத் தடவிப் பார்த்தார். இங்கே காற்று எப்போதும் மேற்கிலிருந்துதான் வரும். மணலை வாரி அடித்து அடித்து, மேற்கு முகத்துச் சாயத்தைச் சுரண்டிவிடும். இந்த வரிசையில் சுரண்டப்பட்ட முகங்களெல்லாம் கிழக்கே பார்த்தன.

"யாரோ கல்லைத் திருப்பி வெச்சிருக்கான். எல்லாத்தையும் காத்தாடா திருப்பிச்சு?"

"ஒட்டகம் திருப்பியிருக்கும் சார். அதுக்கு வேற என்ன வேலை?"

இரண்டாவது அடி அதற்காக விழுந்தது.

பூனை பழைய வெடிகளைப் பிளந்து, உள்ளே இருக்கும் மருந்தைத் திருட்டுத்தனமாக விற்றுக்கொண்டிருந்தான். அது மேஸ்திரிக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்தே அவன் கழுத்தைப் பிடித்து, போலீஸில் சொல்லப் போவதாகக் கத்தினார். சொல்வதற்குள் செத்தார். எங்கள் எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. சாட்சிதான் இல்லை.

"சரி, போ," என்றார் இன்ஸ்பெக்டர். "வெள்ளைப் பக்கமாவே போய் உன் மாமாவைத் தூக்கிட்டு வா."

"ஒண்ணு விட்டவரு இன்னொண்ணும் விட்டிருப்பாரு. நான் போக மாட்டேன் சார்."

நியாயமான பதில். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் மேஸ்திரியின் மனைவி ஜீப்பிலிருந்து இறங்கினாள். பூனையின் அக்கா.

புருஷன் கிடந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நேராக வந்து, தம்பியின் வாயில் வழிந்த ரத்தத்தை வெறும் கையால் துடைத்தாள்.

"எங்கம்மா போனப்போ இவன் தவழற குழந்தை. இடுப்புல வெச்சு வளர்த்தவ நான். கல்லைத் திருப்பினது இவன்னா, அந்தப் பக்கம் என்னைப் போக விடுவானா சார்? பதறிக் கத்த மாட்டானா? பாத்துக்குங்க."

யாரும் பிடிப்பதற்குள் வெள்ளைப் பக்கத்தில் காலை வைத்துவிட்டாள்.

"அம்மா, வேணாம்மா!" என்று டிரைவர் அலறினார். அவள் திரும்பவில்லை. அவள் காத்திருந்தது வேறொரு குரலுக்கு.

நான் ஓடப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அவர் கண் அவள் மேல் இல்லை.

அவள் நடந்தாள். செருப்பில்லாத கால், கொதிக்கிற மணல்.

பூனை வாயைத் திறந்தான்.

கத்தப் போகிறான் என்று நினைத்தேன். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள்.

சத்தம் வரவில்லை. மெதுவாக மண்டி போட்டான். இரண்டு உள்ளங்கைகளையும் காதில் வைத்து அழுத்தினான். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

பக்கத்தில் வெடி வெடிக்கும்போது காது கிழியாமல் இருக்க எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற காரியம் அது. வெடிக்கப் போவது நிச்சயம் என்று தெரிந்தால் மட்டும்தான் செய்வோம்.

இன்ஸ்பெக்டர் என் கையை விட்டுவிட்டு விலங்கை எடுத்தார்.

எதுவும் வெடிக்கவில்லை. விடிகிற நேரத்திலேயே இன்ஸ்பெக்டர் என்னைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் நான் குப்புறப் படுத்து ஊர்ந்து, மேஸ்திரி வரைக்கும் இருந்த வெடிகளைத் தோண்டி எடுத்து, மணலைப் பழையபடி தடவி விட்டிருந்தேன். அவரைத் தொடாமல் திரும்பி வந்ததுதான் அதில் கஷ்டமான வேலை. பூனைக்காக விரித்த வலை அது. அவளுக்குத் தெரியாது. ஏதாவது ஒன்றை விட்டிருப்பேனோ என்ற பயத்தில்தான் நான் ஓடப் பார்த்தேன்.

அவள் போய்ச் சேர்ந்தாள். உட்கார்ந்து, புருஷனின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

அங்கேயிருந்து பார்த்தால், தலையில் கை வைத்து, வாய் பிளந்து, மண்டி போட்டுக் கிடக்கிறவன் கதறி அழுகிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

"அழாதேடா தம்பி! நான் இருக்கேன்ல? உன் மேல தப்பில்லைன்னு இப்ப எல்லாரும் பாத்துட்டாங்கடா!"

அவனுக்கு அது கேட்டிருக்காது. கைகளைக் காதிலிருந்து அவன் இன்னும் எடுக்கவில்லை.