கழுத்தை நிமிர்த்து

"கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்து, அரசு" என்றார் பேராசிரியர் சிவஞானம்.

திருநாவுக்கரசு நிமிர்த்தினான். போர்ட் பிளேர் பழைய சிறையின் தூக்குமேடையில், திறந்து விழும் பலகைகளின் மேல் நின்றுகொண்டிருந்தான்.

உத்தரத்தில் கயிறு இல்லாமல் தான் எடுக்கும் புகைப்படம் வெறுமையாக இருக்கும் என்று பேராசிரியர் குறைப்பட்டிருந்தார். அவர்களைத் தன் வீட்டில் தங்க வைத்திருந்த ஜங்லிகாட் பகுதி மரக் காண்டிராக்டர் ராஜமாணிக்கம், தன் படகுக் கயிற்றை அவிழ்த்து வந்து கட்டிக் கொடுத்தார். அதில் தாரும் மீனும் நாறின.

வெள்ளைக்காரன் போன பிறகும் தூக்கு இருக்கிறதே என்று மேடைதோறும் கொதிப்பவர் பேராசிரியர். தூக்குத் தண்டனையை ஒழிக்கச் சொல்லிப் புத்தகம் எழுதுகிறார். அதற்கு உதவ, சென்னையில் சட்டம் படிக்கும் மாணவர்களில் இவனை மட்டும் விடுமுறைக்குக் கப்பலேற்றி அழைத்து வந்திருந்தார். கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்க, தன்னைக் கூப்பிட்டதில் அவனுக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமை கப்பலிலேயே புளிக்கத் தொடங்கியது. மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, கழுத்தெலும்பு எப்படி முறியும் என்று முள்ளை ஒடித்துக் காட்டினார்.

இப்போது அவரே வந்து சுருக்கை மாட்டினார். வெற்றிலைச் சாறு படிந்த விரல்கள் அவன் காதுக்குக் கீழே தடவித் தடவி, முடிச்சுக்கு இடம் தேடின. தையற்காரன் அளவெடுப்பதுபோல நிதானமாக.

தள்ளி நின்று காமிராவுக்குள் பார்த்தார்.

"சிரிக்காதே."

அவன் சிரிக்கவில்லை.

கிளிக் என்றதும் சுருக்கை உருவி எறிந்துவிட்டு வெளியே ஓடி, மதிலோரம் வாந்தி எடுத்தான். கீழே கடல் பளபளத்தது.

ராஜமாணிக்கம் செம்பில் தண்ணீரோடு பின்னாலேயே வந்தார்.

"தோடா பானி குடிங்க தம்பி. கப்பல் கிறுகிறுப்பு இன்னும் விடல போல."

பக்கத்தில் குந்தினார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்க அப்பாவ எந்த ஜெயில்ல தம்பி தூக்குல போட்டாங்க? நேத்து நீங்க தூங்கப் போனப்புறம் சார் சொன்னாரு. எங்க வீட்ல கேட்டு அழுதுட்டா."

வாயைத் துடைத்துக்கொண்டு, "வேலூர்ல" என்றான்.

அப்பாவைப் பற்றி அவன் ஒரே ஒருவரிடம்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தான். அன்றைக்குப் பேராசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தோளில் கைபோட்டுக் கேட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து பேராசிரியர் கூப்பிட்டார். காமிரா ஆடிவிட்டதாம். இன்னொரு தடவை நிற்க வேண்டுமாம்.

அவன் செம்புத் தண்ணீரைக் கழுத்தில் ஊற்றிக் கழுவினான். காதுக்குக் கீழே தோல் சிவக்கும்வரை தேய்த்தான்.

பிறகு செம்பை ராஜமாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டு, துறைமுகத்துச் சரிவில் இறங்கி நடந்தான்.

அடுத்த கப்பல் எப்போது என்று அவனுக்குத் தெரியாது.