சிவப்பு பட்டன்

“இன்னிக்கு ஆளைத் தீர்த்துடணும். யாரும் இரக்கம் பாக்கக் கூடாது!” ஜன்னலில் எட்டிப் பார்த்து ஜந்திரா கத்தினாள்.

“தீர்த்துடலாம்!” என்று பிரேசிலின் ரெசிஃபே நகரத்து அந்தச் சின்னத் தெரு முழுக்கப் பதில் வந்தது.

சோபாவில் இருந்த லிவியா திடுக்கிட்டாள். புது டிஜிட்டல் டிவியில் மக்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டுப் போக வந்தவள் அவள். சோதனைக்காக அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு டிவியோடு இணைக்கும் பெட்டி ஒன்று கொடுத்திருந்தார்கள். இன்று அவர்கள் ரிமோட்டில் போடும் ஓட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும் டிவி தொடரின் போக்கைத் தீர்மானிக்கும். புயலில் மாட்டப்போகும் கேப்டன் ஒட்டாவியோ பிழைக்கப் பச்சை, சாகச் சிவப்பு. இரண்டு முடிவையும் முன்பே படம் பிடித்து வைத்திருந்தார்கள்.

“வானிலை, சமையல் குறிப்பு, வீட்டுலேருந்தே கடைச் சாமான் வாங்கறது... இதுல எது வேணும், ஜந்திரா அம்மா?”

“அதெல்லாம் எதுக்கு, மகளே? எனக்கு இந்தச் சிவப்பு பட்டன் ஒண்ணு போதும். நீ மரவள்ளி அடையைச் சாப்பிடு, ஆறிடும்.”

திரையில் கேப்டன் ஒரு தட்டு நண்டை வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயோ, நண்டா! உடம்பெல்லாம் தடிச்சுப் போயிடுமே!” ஜந்திரா பதறினாள்.

லிவியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இந்த அம்மாவுக்குத் தொடர் பைத்தியம் முற்றிவிட்டது.

ஓட்டு நேரம் வந்ததும் லிவியாவுக்கே வந்த வேலை மறந்துவிட்டது. “பச்சையை அமுக்குங்களேன், பாவம். எனக்கு அவர்னா உயிர்!”

“உனக்குமா?” ஜந்திரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிவப்பை அழுத்தமாக அமுக்கினாள்.

சிவப்புதான் ஜெயித்தது. பெரிய அலை ஒன்று கேப்டனை வாரிக்கொண்டு போனது. தெருவில் பட்டாசு வெடித்தது.

லிவியாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “நாடே கொண்டாடற மனுஷன்! உங்களுக்கு அப்படி என்னதான் பண்ணிட்டார்?”

ஜந்திராவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து போய்க் கட்டிலுக்குப் புது விரிப்பை உதறிப் போட்டாள்.

“என்னைக் கட்டிக்கிட்டு, ஷூட்டிங் ஷூட்டிங்னு ரியோவுலயே உக்காந்துட்டார், மகளே. இனிமே வீட்டுக்கு வந்துதானே ஆகணும்!”